இரண்டு சோடியும் 4.2 வோல்ட்தான், வெளிச்சம் மட்டும் ஏன் வேறு? லித்தியம் செல்லின் வயதும் வகையும் மின்னிழை டார்ச்சும்

கேள்வி: இரவாடி

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மலைச்சரிவில் இரவு நேரத்தில் அந்துப்பூச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வழக்கம். பூச்சிகளை வரவழைக்க வெள்ளைத் திரையும் புற ஊதா விளக்கும் தனியே வைத்திருக்கிறேன். ஆனால் திரையில் வந்து அமர்ந்த பூச்சியின் இறக்கையில் பழுப்பு எங்கே முடிகிறது, துருநிறம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதற்கு மின்னிழை பல்பு போட்ட டார்ச்சைத்தான் நம்புகிறேன். கைவசம் இருந்த எல்இடி டார்ச்சுகளில் செந்நிறச் சாயல்கள் மங்கித் தெரிகின்றன.

டார்ச்சு, மூன்று டி செல் போடும் பழைய அலுமினிய உடல் கொண்டது. பிரதிபலிப்பானை உலோகத்திலும் முன்பக்க மூடியைக் கண்ணாடியிலும் மாற்றிப் பொருத்திவிட்டு, ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும் நுண்ணோக்கிக்கான 6 வோல்ட் 20 வாட் ஹாலஜன் பல்பை அதில் போட்டிருக்கிறேன். உள்ளே பிவிசி குழாயில் இரண்டு 18650 லித்தியம்-அயனி செல்கள் வரிசையாக நிற்கின்றன. மிச்ச நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு.

என்னிடம் இரண்டு சோடி செல்கள் உள்ளன. ஒன்று, பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் 2200 மில்லியாம்பியர்-மணி செல்கள். மேலுறையில் ஐசிஆர் என்று இருக்கிறது. மற்றொன்று அண்மையில் வாங்கியது. அதில் ஐஎம்ஆர் என்று இருக்கிறது. சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மல்டிமீட்டரில் பார்த்தால் எல்லா செல்களும் 4.2 வோல்ட்டை ஒட்டியே காட்டுகின்றன. ஆனால் டார்ச்சில் போட்டால் புதிய சோடியின் ஒளி வெண்மையாகவும் கூர்மையாகவும் இருக்கிறது, பழையதில் மஞ்சளடிக்கிறது. அதோடு, சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு புதிய சோடியைப் போட்டுச் சுவிட்சை அழுத்தியபோது ஒரு பல்பு பளிச்சென்று ஒரு நீல வெண்ணொளியைக் காட்டிவிட்டு அந்த நொடியிலேயே ஃபியூஸ் போய்விட்டது. பழைய சோடியில் இதுவரை ஒரு பல்பும் அப்படிப் போனதில்லை. மலையில் குளிர் ஏறும் நேரங்களில் பழைய சோடியின் ஒளி இன்னும் மங்கித் தொடங்கி, சிறிது நேரம் கழித்துத் தெளிவடைவதையும் பார்க்கிறேன்.

மின்னழுத்தம் ஒன்றாக இருக்கும்போது ஒளி ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்? இதில் செல்லின் வயது எவ்வளவு, வகை எவ்வளவு? நிறத்தைக் குறித்து வைக்கும் வேலை என்பதால், ஒளி மாறாமல் நிற்க வேண்டும் என்பதே என் தேவை. அதிக வெளிச்சம் எனக்கு முக்கியம் அன்று. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் போட்டுப் பார்க்கும்படி ஒரு நண்பர் சொன்னார். அதன் மின்னழுத்தம் குறைவு என்பதால் தயங்குகிறேன்.

பதில்: மின்னிழை

நண்பர் இரவாடி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதனிடம் கேட்டது பல்புக்குத் தொடர்பில்லாத கேள்வி. பல்பு போன்ற சுமை எதையும் இணைக்காமல் அளக்கும்போது செல்லிலிருந்து மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமே எடுக்கப்படுவதில்லை. மின்னோட்டம் இல்லாதபோது செல்லின் அகமின்தடையில், அதாவது செல்லுக்கு உள்ளேயே இருக்கும் மின்தடையில், இழப்பும் இல்லை. எனவே நேற்றுத் தொழிற்சாலையை விட்டு வந்த செல்லும், பத்தாண்டு உழைத்துத் தளர்ந்த செல்லும் முழுச் சார்ஜில் ஒரே எண்ணைக் காட்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதன் இரண்டு கால்களுக்கு இடையே நிற்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்பதைத்தான் அளக்க வேண்டும். வயதும் வகையும் அந்த எண்ணின் வழியாகத்தான் ஒளியைத் தொடுகின்றன.

மின்னிழை பல்பு இந்த எண்ணுக்கு எவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பல்புத் தயாரிப்பாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அனுபவ விதிகளின்படி, ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது, மின்னோட்டம் 0.55-ஆம் அடுக்குக்கு ஏற்ப மட்டுமே மாறுகிறது. ஆயுளோ 12-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே ஒளி சுமார் 18 விழுக்காடு கூடிவிடும், ஆயுளில் ஏறக்குறைய 44 விழுக்காடு போய்விடும். எல்இடி டார்ச்சில் உள்ளே ஒரு மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சுற்று உட்கார்ந்துகொண்டு செல்லின் குறைநிறைகளை மறைத்துவிடுவதால், இந்தக் கூர்மையை நாம் மறந்தே போய்விட்டோம்.

இப்போது உங்கள் டார்ச்சுக்கு வருவோம். 6 வோல்ட் 20 வாட் பல்பு அதன் குறித்த மின்னழுத்தத்தில் 3.3 ஆம்பியர் இழுக்கும். 7 வோல்ட்டுக்கு மேல் போனால் 3.7 ஆம்பியர் அளவில் இழுக்கும். அதிக மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட புதிய ஐஎம்ஆர் செல்லின் அகமின்தடை 25 மில்லியோம் அளவில் இருக்கும் என்று கொள்வோம். நீண்ட நாள் உழைத்த ஐசிஆர் செல்லில் 120 மில்லியோம் என்பது வியப்புக்குரிய எண் அன்று. ஸ்பிரிங், சுவிட்ச், தொடுமுனைகள், இடையில் வைத்த அலுமினியத் துண்டு எல்லாம் சேர்ந்து டார்ச்சின் பங்கு 100 மில்லியோம் என்று வைத்துக்கொண்டால், புதிய சோடியில் மொத்தம் 0.15 ஓம், பழையதில் 0.34 ஓம். முழுச் சார்ஜில் இரண்டு செல்லுக்கும் சேர்த்து 8.4 வோல்ட். புதிய சோடியில் சுமார் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விட, பல்பைச் சேர்வது 7.8 வோல்ட். பழைய சோடியில் 1.3 வோல்ட் அளவுக்குப் போய்விட, பல்பைச் சேர்வது 7.1 வோல்ட்.

வேறுபாடு 0.7 வோல்ட்தான். ஆனால் 3.4-ஆம் அடுக்கின் வழியே பார்த்தால், புதிய சோடி பழையதைவிட ஏறத்தாழ 38 விழுக்காடு அதிக ஒளி தருகிறது. நிற வெப்பநிலையும் நூறு கெல்வினுக்கு மேல் ஏறுகிறது. நீங்கள் பார்க்கும் வெண்மை அதுதான். பழைய செல்கள் வலுவற்றவை என்பதைவிட, அவை பல்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்றே சொல்வேன், ஏனெனில் இரண்டு சோடியுமே பல்பைக் குறித்த அளவுக்கு மேலேதான் ஓட்டுகின்றன.

பல்பு ஃபியூஸ் போனதன் காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. இவ்வகை நுண்ணோக்கிப் பல்புகளின் மின்னிழை ஏற்கெனவே 3300 கெல்வின் அளவில் எரிகிறது. டங்ஸ்டன் உருகுவது 3695 கெல்வினில். மின்னழுத்தத்தை 30 விழுக்காடு கூட்டினால், அதாவது 7.8 வோல்ட்டை எட்டினால், மின்னிழையின் வெப்பநிலை உருகுநிலையின் வாசலுக்கே வந்துவிடுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுமை ஏற்றியவுடன் செல்லின் மின்னழுத்தம் ஒரே அடியாக விழுவதில்லை. மின்தடையால் வரும் வீழ்ச்சி உடனே நிகழ்கிறது, அயனிகள் மின்பகுளியினூடே (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவம்) நகர்ந்து சேரும் தாமதத்தால் வரும் வீழ்ச்சி சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த முதல் நொடியில் பல்பு காண்பதே மிக உயர்ந்த மின்னழுத்தம். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு போட்டால் அந்த உச்சம் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும்.

குளிர்ந்த மின்னிழையின் மின்தடை, எரியும்போது உள்ளதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் பல்பில் எரியும்போது 1.8 ஓம், குளிர்ந்த நிலையில் 0.1 ஓம் அளவு. எனவே சுவிட்ச் போட்ட முதல் சில மில்லிநொடிகளில் புதிய சோடி 30 ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடும். பழைய சோடியால் 20 ஆம்பியரைத் தாண்ட முடியாது.

அளந்து பார்க்க விரும்பினால், பல்பின் கால்களோடு இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து வெளியே எடுத்து, எரியும்போது மின்னழுத்தத்தை மட்டும் அளவிடுங்கள். வால்மூடியைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டாம். மீட்டரின் கம்பிகளும் உள்ளே இருக்கும் ஃபியூஸும் சேர்ந்து இன்னொரு மின்தடையாகிவிடும். நீங்கள் அளக்கும்போதே ஒளி கண்ணெதிரே மங்கும்.

பதில்: ஆய்வகத்துணை

மேலே நண்பர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். என் பங்குக்கு ஒன்று: வால்மூடியில் உள்ள எஃகு ஸ்பிரிங்குக்குக் குறுக்கே ஒரு செம்புப் பின்னல் கம்பியைப் பற்றவைத்துவிடுங்கள். நான்கு ஆம்பியருக்கு அருகில் ஓடும் டார்ச்சில் அந்த ஸ்பிரிங் மட்டுமே 50 மில்லியோம் விழுங்கக்கூடும். அப்படியானால் முக்கால் வாட் அளவுக்கு வெப்பம் அந்த ஒரு ஸ்பிரிங்கில் இறங்குகிறது, நாளடைவில் அது விறைப்பிழந்து தொடுமுனையும் கெடும். தொடுமுனைகளைத் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே பழைய செல்களின் மங்கலில் ஒரு பகுதி தீர்ந்துவிடும்.

பதில்: மின்னிழை

நண்பர் ஆய்வகத்துணை சொல்வது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிய ஐஎம்ஆர் சோடியை இதே பல்போடு பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், அந்த 50 மில்லியோமை இப்போது தொடாதீர்கள். ஏற்கெனவே 7.8 வோல்ட்டில் விளிம்பில் நிற்கும் பல்புக்கு இன்னும் 0.2 வோல்ட் கூடுதலாகக் கிடைக்கும், அடுத்த பல்பும் போய்விடும். முதலில் செல்லுக்கும் பல்புக்கும் பொருத்தம் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்பிரிங்குக்கு வாருங்கள்.

பதில்: நேர்முனை

வகையைப் பற்றியும் வயதைப் பற்றியும் நண்பர் தனித்தனியே கேட்டிருந்தார். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

செல்லின் மேலுறையில் உள்ள மூன்றெழுத்தில் முதலாவது லித்தியம்-அயனியைக் குறிக்கிறது, இரண்டாவது நேர்முனைப் பொருளைச் சொல்கிறது, மூன்றாவது உருளை வடிவத்தைச் சொல்கிறது. ஐசிஆர் என்றால் கோபால்ட், ஐஎம்ஆர் என்றால் மாங்கனீசு, ஐஎன்ஆர் என்றால் நிக்கல் கலந்தது, ஐஎஃப்ஆர் என்றால் இரும்பு பாஸ்பேட். 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும். இந்த எழுத்துகளை எல்லா விற்பனையாளர்களும் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை என்பதால், சார்ஜ் செய்ய வேண்டிய உச்ச மின்னழுத்தம் என்னவென்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோபால்ட் ஆக்சைடுதான் இவற்றில் மூத்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபின் குழுவினர் அதை நேர்முனைப் பொருளாக முன்வைத்தார்கள். 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம்-அயனி செல்கள் அதில்தான் அமைந்தவை. மடிக்கணினிக்கும் செல்பேசிக்கும் ஏற்றது, ஏனெனில் சிறிய இடத்தில் நிறைய ஆற்றலைச் சேர்த்து வைக்கும். அந்த நோக்கத்துக்காக முனைகளின் பூச்சைத் தடிப்பாகப் போடுவார்கள். தடித்த பூச்சில் அயனிகளின் பயணம் நீளும், அகமின்தடை கூடும். இதனால் புதிதாக இருக்கும்போதே ஒரு சாதாரண ஐசிஆர் செல் நான்கு ஆம்பியருக்கு உகந்தது அன்று.

மாங்கனீசு ஆக்சைடின் படிக அமைப்பில் லித்தியம் அயனிகள் மூன்று திசைகளிலும் நகர வழி உண்டு. கோபால்ட் ஆக்சைடில் அவை அடுக்குகளுக்கு நடுவே, ஒரு தளத்தில்தான் நகர முடியும். மாங்கனீசு செல்களை மெல்லிய பூச்சோடு, துளைக் கருவிகளுக்கு ஏற்ற மாதிரியே பெரும்பாலும் செய்கிறார்கள். கொள்ளளவு குறையும், ஆனால் சுமை ஏற்றினால் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். நீங்கள் கண்ட வெண்மை இதிலிருந்து வருகிறது.

வயதைப் பொறுத்தவரை, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் மேல் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. முதல் சார்ஜிலேயே தோன்றும் இந்தப் படலம் இல்லாவிட்டால் செல் நிலைக்காது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது. வளரும்போது பயன்படக்கூடிய லித்தியத்தையும் உண்கிறது, அயனிகள் கடக்க வேண்டிய தூரத்தையும் கூட்டுகிறது. முன்னது கொள்ளளவைக் குறைக்கிறது, பின்னது அகமின்தடையை ஏற்றுகிறது. பெரும்பாலோர் கொள்ளளவை மட்டும் அளந்து “இன்னும் எழுபது விழுக்காடு இருக்கிறதே” என்று திருப்தியடைகிறார்கள். மின்னிழை டார்ச்சைப் பொறுத்தவரை அகமின்தடைதான் முதலில் கண்ணில் படும். பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இந்த வளர்ச்சி நிற்காது; முழுச் சார்ஜில், வெப்பமான அறையில் வைத்தால் வேகமாகவே நடக்கும். மாங்கனீசு செல்லுக்கு வெப்பம் இன்னொரு வகையிலும் பகை: நேர்முனையிலிருந்து மாங்கனீசு சிறிது சிறிதாக மின்பகுளியில் கரைந்து எதிர்முனைக்குப் போய் அங்கும் கேடு செய்கிறது. எனவே இன்று பளிச்சென்று எரியும் உங்கள் புதிய சோடியும் சில ஆண்டுகளில் பழைய சோடியின் பாதையில்தான் போகும். அதே டார்ச்சு, அதே பல்பு, அதே 4.2 வோல்ட், ஆனால் ஒளி வேறாக இருக்கும்.

குளிரைப் பற்றிச் சொன்னீர்கள். வெப்பநிலை குறையும்போது மின்பகுளியில் அயனிகள் நகர்வது மந்தமாகி அகமின்தடை கணிசமாக ஏறுகிறது. மதுரையில் அளந்த எண் கொடைக்கானல் இரவுக்குப் பொருந்தாது. சிறிது நேரத்தில் ஒளி தெளிவடைவதற்குக் காரணம் செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வதுதான். 120 மில்லியோம் உள்ள செல்லில் 3.7 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வாட்டுக்கு மேல் செல்லுக்குள்ளேயே வெப்பமாகிறது. டார்ச்சின் உடலைக் கையால் பற்றிப் பாருங்கள், செல்கள் இருக்கும் இடத்தில் வெதுவெதுப்பு தெரியும். புதிய சோடியில் அந்த வெப்பம் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், அங்கே இவ்வளவு மாற்றம் தெரியாது.

இரவாடி

விரிவாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி பல்பின் கால்களிலிருந்து கம்பி எடுத்து அளந்தேன். செல்களைச் சார்ஜரிலிருந்து எடுத்து ஓர் இரவு முழுவதும் வைத்துவிட்டுப் பிறகு போட்டேன். பழைய சோடியில் எரியும்போது 7.0 வோல்ட்டும், புதியதில் 7.6 வோல்ட்டும் கிடைத்தன. பழைய சோடியில் அந்த எண் நிற்கவே இல்லை; பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக இறங்கி, வெளிச்சம் போதாது என்று நான் நிறுத்தும் கட்டத்தில் 5.8 வோல்ட்டுக்கு வந்திருந்தது. ஒரே இரவில் முதலில் பார்த்த பூச்சியையும் கடைசியில் பார்த்த பூச்சியையும் வெவ்வேறு ஒளியில்தான் பார்த்திருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது.

இந்த நிலையில் இரும்பு பாஸ்பேட் எனக்குப் பொருந்துமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பழைய செல்களில் எது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத் தனித்தனியே, விலையுயர்ந்த கருவி இல்லாமல் அறிய வழி உண்டா?

பதில்: மின்னிழை

7.0-இலிருந்து 5.8 வோல்ட்டுக்கு இறங்கியது என்றால், தொடக்கத்தில் கிடைத்த ஒளியில் ஏறக்குறைய பாதிதான் முடிவில் கிடைத்திருக்கிறது. நிறம் பார்க்கும் வேலைக்கு இது உண்மையிலேயே தடை.

உங்கள் நண்பர் சரியாகவே சொல்லியிருக்கிறார். இரும்பு பாஸ்பேட் செல்லின் மின்னழுத்தம் குறைவு என்பது உங்கள் பல்புக்குக் குறையே அன்று. இந்தப் பல்புக்கென்றே அளந்து வைத்தாற்போல் அமைகிறது. சுமையில் ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் சேர்த்து 6.4. டார்ச்சின் வழி இழப்பு போக பல்புக்கு 6.0 அல்லது 6.1 வோல்ட் கிடைக்கும். பல்பில் அச்சிட்ட எண்ணும் அதுதான். உறுதியளித்த ஆயுளும் அப்போதுதான் கிடைக்கும். இந்த வகைப் பல்பின் ஆயுளைக் குறித்த மின்னழுத்தத்தில் 100 மணி நேரம் என்று கொண்டால், 7.6 வோல்ட்டில் அது ஆறு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிடும்.

இதைவிட முக்கியமானது வெளியேற்ற வளைவின் வடிவம், அதாவது செல் காலியாகும்போது மின்னழுத்தம் இறங்கும் விதம். கோபால்ட்டிலும் மாங்கனீசிலும் நிக்கலிலும் செல் காலியாகக் காலியாக மின்னழுத்தம் சரிந்துகொண்டே வரும். இரும்பு பாஸ்பேட்டில் லித்தியம் உள்ள நிலையும் இல்லாத நிலையும் இரண்டு தனித்தனிப் பிரிவுகளாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. செல் காலியாகும்போது ஒரு பிரிவு சுருங்கி மற்றது விரிகிறதே தவிர, இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தம் மாறுவதில்லை. அதனால் தொடக்கத்தில் ஒரு நிமிடம் அளவுக்கு இருக்கும் சிறு உயர்வையும் கடைசிச் சரிவையும் விட்டுவிட்டால், நடுவே வளைவு ஏறக்குறைய தட்டையாகவே போகும். நீங்கள் கேட்ட மாறாத ஒளி இதுதான். புதிய ஐஎம்ஆர் சோடி முழுச் சார்ஜில் தரும் ஒளியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். திரையை மூன்று நான்கு அடி தொலைவிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது போதும் என்றே கருதுகிறேன். எரியும் நேரம் கொள்ளளவைப் பொறுத்தது: 1500 மில்லியாம்பியர்-மணி செல்லில் 25 நிமிடம் அளவுக்குத்தான் வரும். உங்கள் டார்ச்சு டி செல்லுக்கு ஆனது என்பதால், 26 மில்லிமீட்டர் விட்டமுள்ள 26650 அளவு செல்களையே போடலாம். 3000 மில்லியாம்பியர்-மணி அளவில் கிடைத்தால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும், செல்லும் பெரியது என்பதால் அகமின்தடை இன்னும் இறங்கும்.

இரும்பு பாஸ்பேட்டும் குளிரில் சோர்ந்துபோகும் வகைதான். வெளியே வைத்துவிட்டுப் போடாமல், சட்டைப்பையில் வைத்திருந்து உடல்சூட்டோடு போடுங்கள். இது வந்த பிறகு, நண்பர் ஆய்வகத்துணை சொன்ன செம்புப் பின்னலைத் தயங்காமல் பற்றவையுங்கள். இங்கே அது கேடு செய்யாது, நன்மைதான் செய்யும்.

தனித்தனிச் செல்லைச் சோதிப்பதற்கு, வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 55 வாட் முகப்பு விளக்குப் பல்பே போதும். ஒரே ஒரு லித்தியம் செல்லோடு இணைத்தால் அது மங்கலாகச் சிவந்து 2.5 ஆம்பியர் அளவில் இழுக்கும். செல்லின் இரு முனைகளிலும் நேரடியாக மீட்டரை வைத்து, இணைப்பதற்கு முன்னும் இணைத்துப் பத்து நொடி கழித்தும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஐஎம்ஆர் செல்லில் வீழ்ச்சி ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. உங்கள் பழைய செல்களில் 0.3 வோல்ட் அளவில் எதிர்பார்க்கிறேன். மீட்டரின் முனைகளைப் பல்புக்குப் போகும் கம்பியில் வைக்காமல் செல்லின் மேலேயே வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் தொடுமுனையின் மின்தடையையும் செல்லின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். சில சார்ஜர்கள் காட்டும் அகமின்தடை எண்ணை வெவ்வேறு சார்ஜர்களுக்கிடையே ஒப்பிடாதீர்கள். ஒன்று மாறுமின்னோட்டத்தில் அளக்கும், இன்னொன்று நேர்மின்னோட்டத்தில் அளக்கும், எண்கள் ஒத்துப்போகா.

பதில்: நேர்முனை

சோதனையில் இரண்டு பழைய செல்களும் வெவ்வேறு அளவில் தளர்ந்திருப்பது தெரிந்தால், அந்தச் சோடியைத் தொடர் இணைப்பில் இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் சேர்த்துப் போடவும் கூடாது. மின்னிழை டார்ச்சில் செல்லைப் பாதுகாக்கும் சுற்று எதுவும் இல்லை. தளர்ந்த செல் முதலில் காலியாகும், வலுவான செல் அதனூடே மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கிவிடும். இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் ஒரு லித்தியம் செல் வாயுவை வெளியேற்றினால் அது எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கை அந்தக் குழாயின் மேல்தான் இருக்கிறது.

பாதுகாப்புச் சுற்று உள்ளேயே பொருத்தப்பட்ட செல்களும் விற்கின்றன. அவற்றைப் போட்டால் சுவிட்ச் போட்டவுடன் வரும் முதல் மின்னோட்ட வீச்சைக் குறுக்குச்சுற்று என்று எண்ணிச் சில செல்கள் துண்டித்துக்கொள்ளும். டார்ச்சு ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். அந்தச் சுற்றும் தன் பங்குக்குச் சில பத்து மில்லியோம்களைச் சேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறும்போது இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். அதன் சார்ஜ் உச்சம் 3.65 வோல்ட், உங்களிடம் இருக்கும் 4.2 வோல்ட் சார்ஜரில் அதை வைக்கவே கூடாது. இரண்டு வகைக்கும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சார்ஜர் வாங்கினால், ஒவ்வொரு முறையும் எந்த வகையில் நிற்கிறது என்று பார்த்த பிறகே செல்லை வையுங்கள். மற்றது, முடிவு வரும் விதம். கோபால்ட் சோடியில் ஒளி மெல்ல மஞ்சளாகி உங்களுக்கு நெடுநேரம் முன்னறிவிப்புத் தரும். இரும்பு பாஸ்பேட்டில் ஒளி கடைசிவரை அப்படியே நின்றுவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் சரிந்துவிடும். சரிவு தொடங்கியது தெரிந்தவுடனே அணைத்துவிடுங்கள். ஒரு செல்லுக்கு 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மாற்றுச் சோடி ஒன்றை உடன் கொண்டுபோவது, பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டில் நிற்பதைத் தவிர்க்கும்.

பழைய ஐசிஆர் செல்களைச் சோதனையில் தேறாவிட்டால் வீட்டுக் குப்பையில் போடாமல், முனைகளில் காப்பு நாடா ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். தேறினால் ஒற்றைச் செல்லில் இயங்கும் எல்இடி டார்ச்சில் இன்னும் சில காலம் உழைக்கும். அங்கே ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்காவிட்டால், 120 மில்லியோம் என்பது கண்ணுக்கே தெரியாத இழப்புதான். ஐஎம்ஆர் சோடியைப் பயன்படுத்தாத மாதங்களில் பாதிச் சார்ஜில், வீட்டில் உள்ளதிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டு வைக்காதீர்கள்.